தத்து எடுக்கலாம், தரகர் வேண்டாம்



“ஆஸ்பத்திரியில எனக்கு ஆளைத் தெரியும். பணம் கொடுத்தா குழந்தை வாங்கித் தர்றேன்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தையை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். ஆசையாக வளர்த்த பிள்ளையையும் இழக்க நேரும்.

சரியான வழி என்ன? நம் திருவள்ளூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ‘காரா’ எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பிறகு காத்திருக்கணும். ஏரியில் பாட்டுக்கு முறை வரும்வரை காத்திருக்கிறோம் இல்லையா, அதுபோல இதற்கும் வரிசை உண்டு. சில வருஷம்கூட ஆகலாம். அரசு விதித்த கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தத்து உத்தரவு தருகிறார். எந்த மதத்தினரும் எடுக்கலாம். கணவர் இல்லாத பெண்ணும் எடுக்கலாம். பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் தத்துப் பிள்ளைக்கும் உண்டு.

பெற்றவளால் வளர்க்க முடியவில்லையா? பிள்ளையைத் தரகரிடம் கொடுக்காமல், குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனசு மாறினால் 60 நாளுக்குள் திரும்பக் கேட்கலாம். உதவிக்கு 1098-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு சகோதரி அங்கே இருக்கலாம்.