பெட்டிகளுக்கு நடுவே ஓர் உடல்

தோழர்களே, ஏலகிரி அடிவாரத்து ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருக்கும் நாம், பெட்டிகளை இணைக்கும் கொக்கியைக் கவனிப்பதில்லை. பழைய திருகுக் கொக்கியை மாட்டத் தொழிலாளி இரு பெட்டிகளுக்கு நடுவே நுழைய வேண்டும்.

மோதியதும் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கு அமெரிக்காவில் ஜேனி 1873இல் காப்புரிமை பெற்றார். இவ்வகை இணைப்பை மேம்படுத்தி 1897இல் காப்புரிமை பெற்றவர் ஆண்ட்ரூ பியர்ட். அலபாமாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர்.

கருவி இருந்தும் ரயில் கம்பெனிகள் தயங்கின. தொழிலாளர்கள் போராடி, 1893இல் சட்டம் கட்டாயமாக்கிய பிறகே நிலைமை மாறியது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பழைய வகைப் பெட்டித் தயாரிப்பை நிறுத்தியது 2018இல்தான்.

கழிவுத்தொட்டியில் மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013 சட்டம் உண்டு, இயந்திரமும் உண்டு. சாவுகள் நிற்கவில்லை. கருவிக்குச் சட்டம் வேண்டும். சட்டத்துக்கு நாம் வேண்டும்.