நெதர்லாந்தில் நண்பர் வீடு

திண்டுக்கல்லிலோ அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலோ ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் வேலை நிமித்தமாக நெதர்லாந்தில் குடியேறிவிட, மற்றவர் சில ஆண்டுகள் கழித்து அவரைப் பார்க்கப் புறப்படுவது இன்று அரிய செய்தியன்று. உயர்திறன் பணியாளர்களுக்கென அந்நாடு 2004ஆம் ஆண்டு தனி அனுமதித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்த பின்னர், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனிலும், 1891இல் பிலிப்ஸ் நிறுவனம் மின்விளக்குத் தொழிலைத் தொடங்கிய ஐந்தோவனிலும், மின்னணுச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களை ஏஎஸ்எம்எல் நிறுவனம் உருவாக்கும் வெல்ட்ஹோவனிலும் இந்தியக் குடும்பங்கள் பெருகியுள்ளன. காற்றாலைகளையும் துலிப் தோட்டத்தையும் சுற்றுலாப் பேருந்து ஒரே நாளில் காட்டிவிடும். ஒரு சமூகம் தன் அன்றாட நாளை எப்படி நடத்துகிறது என்பதை அறிய ஒரு வீட்டில் தங்கியாக வேண்டும், அதற்கு நண்பர் வேண்டும்.

விமானம் இறங்கும் ஸ்கிப்போல் நிலையமே அந்நாட்டின் வரலாற்றுக்கு நல்ல முன்னுரையாகும். ஹார்லம்மர்மேர் என்ற பேரேரியாக இருந்த அவ்விடத்தை 1849 முதல் 1852 வரை நீராவிப் பொறிகளைக் கொண்டு இறைத்து வற்றவைத்து, ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். ஆகவே பயணி கால் வைப்பது கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் தாழ்ந்த பழைய ஏரிப்படுகையில்தான். இத்தகைய நிலத்தைக் காப்பதற்கென, மாநகராட்சிகளிலிருந்து வேறுபட்ட நீர் வாரியங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் இயங்கிவருகின்றன. அவற்றுக்குத் தனித் தேர்தல் உண்டு, தனி வரியும் உண்டு. ஊரார் கூடிக் கண்மாயையும் வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்து முறையை அறிந்த தமிழர்களுக்கு இது விளங்காத ஏற்பாடன்று. அங்கே அது சட்டமும் வரியும் கொண்ட அமைப்பாக நிலைபெற்றது என்பதும், தண்ணீரைச் சேர்ப்பதற்கு மாறாக வெளியேற்றுவதே அதன் பெரும்பணி என்பதும்தான் வேறுபாடு. 1953ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடல் கரையை உடைத்துப் புகுந்து 1,836 பேரைக் கொன்றது. அதன் பிறகு எழுந்த டெல்டா அணைத் திட்டம் இன்றும் அந்நாட்டினரின் பேச்சில் பெருமையுடன் இடம்பெறுகிறது.

திண்டுக்கல்லிலிருந்து செல்பவரை முதலில் தடுமாறவைப்பது நாட்குறிப்பு. டச்சுக்காரர் ஒருவர் வீட்டிற்கு முன்னறிவிப்பின்றிச் சென்று கதவைத் தட்டுவது வழக்கமில்லை; காபி குடிக்கச் சந்திப்பதற்கும் நாளும் நேரமும் குறிக்கப்படும், அந்த நாள் மூன்று வாரங்களுக்கு அப்பால் இருந்தாலும் எவரும் வியப்பதில்லை. குறித்த நேரத்தில் சென்றால் காபியும் அதனுடன் ஒரு பிஸ்கட்டும் கிடைக்கும், பின்னர் பிஸ்கட் டப்பா மூடப்படும் என்பது டச்சுக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் செய்தி. பிறந்தநாள் விருந்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அனைவரும் அமர்ந்திருக்க, வருபவர் பிறந்தநாள் காண்பவரை மட்டுமன்றி அவருடைய மனைவி, தாய், உடன்பிறந்தார் ஆகியோரையும் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். உணவகத்தில் நண்பர்கள் கூடி உண்டால், செலவைப் பங்கிட்டு வசூலிக்கும் 'டிக்கி' என்ற செயலியின் கோரிக்கை அன்றிரவே அலைபேசிக்கு வந்துவிடும். 2016இல் வங்கி ஒன்று தொடங்கிய இச்செயலியின் பெயர் இப்போது வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இவற்றையெல்லாம் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது சரியான மதிப்பீடாகாது. அந்நாட்டில் மனித உழைப்புக்கு விலை அதிகம். 2024 ஜனவரியில் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.27 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,200 ரூபாய். ஆகவே நடுத்தரக் குடும்பங்களில் பாத்திரம் துலக்கவோ துணி துவைக்கவோ குழந்தையைப் பார்க்கவோ நாள்தோறும் ஆள் வருவதில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்று, வீட்டு வேலையையும் தாங்களே பங்கிட்டுச் செய்கிறார்கள். ஐரோப்பாவிலேயே பகுதிநேர வேலை மிகப் பரவலாக இருக்கும் நாடு அது. வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் செல்லாமல் குழந்தையுடன் இருக்கும் தந்தையர்க்கென, அந்த நாளுக்கு 'அப்பா நாள்' என்று ஒரு பெயரே வழங்குகிறது. இத்தகைய வீட்டில் அறிவிக்காமல் வரும் விருந்தினர் எவருடைய ஓய்வு நேரத்தையாவது எடுத்துக்கொள்கிறார். நம் ஊரில் எந்த நேரத்தில் யார் வந்தாலும் இலை போடப்படுவது உண்மையே. அந்த இலைக்கு வேண்டிய சோற்றை மறுபடி உலையேற்றுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண் என்பதும், அவரிடம் எவரும் நாள் கேட்டதில்லை என்பதும் அதே அளவு உண்மை. இரண்டு விருந்தோம்பல்களையும் ஒப்பிடுவோர் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மதிய உணவு பெரும்பாலும் ரொட்டித் துண்டும் பாலாடைக்கட்டியும்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் துருவலைத் தூவி உண்பது குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. சூடான உணவு ஒரு வேளைதான், அதுவும் மாலை ஆறு மணியளவில். சீரகச் சம்பா பிரியாணிக்குப் பழகிய நாக்கு இரண்டாம் நாளே முறையிடத் தொடங்கும். அதற்கு மருந்து அந்நாட்டின் குடியேற்ற வரலாற்றிலேயே இருக்கிறது. 1873இல் 'லல்லா ரூக்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து டச்சுக் குடியேற்ற நாடான சுரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கினார்கள். சுரினாம் 1975இல் விடுதலை பெற்றதையொட்டி அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் நெதர்லாந்தில் குடியேறினார்கள். அவர்களும் இந்தோனேசிய வழியினரும் நடத்தும் 'தோக்கோ' எனப்படும் கடைகளில் பாகற்காயும் தட்டைப்பயற்றங்காயும் பச்சைமிளகாயும் கிடைக்கும். 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்களும் பல நகரங்களில் வேரூன்றியுள்ளனர். கடற்படைத் துறைமுகமான டென் ஹெல்டரில் அவர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் உண்டு.

மிதிவண்டி அந்நாட்டின் பிறவிக் குணம் என்று எண்ணுவது தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்களே தெருக்களை நிறைத்தன. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்துடன் பெற்றோர் தெருவில் இறங்கியதும், 1973இன் எண்ணெய் நெருக்கடியால் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்ததும் ஒன்றுசேர்ந்து அரசின் போக்கை மாற்றின. இன்று அங்கே மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் அதிகம். உத்ரெக்ட் தொடர்வண்டி நிலையத்தின் அடியில் 12,500 வண்டிகளை நிறுத்தும் இடம் இருக்கிறது. சிவப்புத் தார் போட்ட பாதை வண்டிக்குரியது, விருந்தினர் அதில் நின்று படம் எடுத்தால் மணியோசையுடன் வசையும் கேட்க நேரும்.

திண்டுக்கல்காரர் தவறவிடக் கூடாத இடம் ஸ்கிப்போலுக்கு அருகிலுள்ள ஆல்ஸ்மேர் மலர்ச் சந்தை. நிலக்கோட்டையிலும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலும் முகூர்த்த நாளில் எகிறி மறுநாளே சரியும் மல்லிகை விலையைக் கண்டவர்களுக்கு அங்கு நடப்பது தலைகீழ் ஏலமாகத் தோன்றும். கடிகாரம் போன்ற வட்டத்தில் விலை உச்சியில் தொடங்கி நொடிக்கு நொடி இறங்க, எந்த வணிகர் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கே அந்த விலையில் சரக்கு. தயங்கியவருக்குச் சரக்கு இல்லை, அவசரப்பட்டவருக்கு நட்டம். வணிகர்கள் இப்போது பெரும்பாலும் கணினி வழியாகவே பொத்தானை அழுத்துகிறார்கள் என்றாலும் சரக்கு நகரும் காட்சி காணத்தக்கது. ஏலம் விடிகாலையில் தொடங்கிவிடுவதால் சீக்கிரம் போக வேண்டும். அச்சந்தையை நடத்துவது மலர் வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் என்பதை நிலக்கோட்டை விவசாயிகள் சற்று நின்று கவனிக்கலாம்.

பயணத்தை முடிவு செய்வோர் முதலில் நண்பரிடம் நாள் கேட்க வேண்டும், பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தம் வீட்டில் தங்கவைப்பதற்கும் செலவை ஏற்பதற்கும் நண்பர் அளிக்கும் உறுதிப் படிவத்தில் அவருடைய கையொப்பத்தை நகராட்சி சான்றளிக்க வேண்டும். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் தேவை. விண்ணப்பத்தைப் பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே தரலாம். ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம் என்றாலும், வேலையாள் இல்லாத வீட்டில் இரண்டு வாரங்களுக்கு மேல் தங்குவது நட்புக்கு நல்லதன்று. தங்கும் நாட்களிலும் உண்ட தட்டைத் தாமே கழுவிவிட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்; டிசம்பரில் பொழுது விடியவே காலை எட்டே முக்கால் மணி ஆகும், மாலை நான்கரைக்கு இருட்டிவிடும்.