யார் அந்த எண்ணுக்கு உரியவர்?

பெருந்துறைக்கு ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். உறையின் மேல் 638052 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுதுகிறீர்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த முறை இது. முதல் இலக்கமாகிய 6, தமிழகமும் கேரளமும் அடங்கிய தென்பகுதியைக் குறிக்கும். 638 என்பது ஈரோட்டைச் சார்ந்த அஞ்சல் பிரிப்பு வட்டாரம். கடைசி மூன்று இலக்கங்கள் பெருந்துறை அஞ்சலகத்தைச் சுட்டும். ஆனால் இந்த எண்ணைக் கொண்டு கடிதம் அஞ்சலகம் வரைதான் வரும். உரியவர் கையில் அது சேர வேண்டுமானால், அவரை அடையாளம் அறிந்த அஞ்சல்காரர் வேண்டும். கணிப்பொறிகளின் வலையமைப்பிலும் இதே நிலைதான்.

இரண்டு முகவரிகள்

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, ஐ.பி. முகவரி. 192.168.10.25 என்பது போல நான்கு பகுதிகளாக எழுதப்படும் 32 இரும இலக்க எண் அது. எந்த வலையமைப்பில், எந்த இடத்தில் என்பதை அது சொல்லும். கணிப்பொறியை வேறிடத்திற்குக் கொண்டுசென்றால் இந்த முகவரியும் மாறிவிடும். மற்றொன்று, மேக் முகவரி. இது 48 இரும இலக்கங்கள் கொண்டது. பொதுவாக, கருவியைச் செய்யும்போதே அதில் பதிக்கப்படுகிறது. 48 இலக்கங்களைக் கொண்டு ஏறத்தாழ 2.8 கோடி கோடி வெவ்வேறு முகவரிகளை அமைக்கலாம்!

ஒரே கட்டடத்திற்குள் செய்தியைக் கொண்டு சேர்க்க மேக் முகவரியே தேவை. ஆனால் அனுப்பும் கணிப்பொறிக்குத் தெரிந்ததோ ஐ.பி. முகவரி மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றொன்றை அறிவது எப்படி? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் ஓர் எளிய வழியை வெளியிட்டார். முகவரி அறியும் நெறிமுறை, அதாவது ஏ.ஆர்.பி. என்பது அதன் பெயர்.

கேள்வியும் விடையும்

பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு நூற்பாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அலுவலகக் கணிப்பொறி, "192.168.10.25 என்னும் எண்ணுக்கு உரியவர் யார்?" என்று எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி வினவும். அந்த எண்ணுக்குரிய கருவி மட்டும், "நான்தான்; என் மேக் முகவரி இது" என்று விடையளிக்கும். கேட்ட கணிப்பொறி அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்க வேண்டியதில்லை.

நினைவும் மறதியும்

குறித்ததை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது? இங்கேதான் சுவிட்சின் அமைப்புகள் முக்கியமாகின்றன. சுவிட்ச் என்றால் விளக்குப் பொத்தான் அன்று. பல கணிப்பொறிகளின் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டி. நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய உயர்வகைச் சுவிட்ச் இரண்டு அட்டவணைகளை வைத்திருக்கும். எந்த ஐ.பி. முகவரிக்கு எந்த மேக் முகவரி என்பது ஒன்று. எந்த மேக் முகவரி எந்தக் கம்பித்துளையில் இருக்கிறது என்பது மற்றொன்று.

சிஸ்கோ நிறுவனத்தின் பல சுவிட்சுகளில், நாம் மாற்றாத வரையில், முதல் அட்டவணையின் நினைவு 4 மணி நேரம். இரண்டாவதன் நினைவு 300 வினாடிகள் மட்டுமே. இதனால் என்ன வரும்? ஆலையில் உற்பத்திக் கணக்கைக் காட்டும் அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அது செய்தியைப் பெறுமே தவிர, தானாக எதையும் அனுப்பாது. 5 நிமிடம் அது மௌனமாக இருந்தால், சுவிட்சுக்கு அதன் மேக் முகவரி நினைவிருக்கும், துளை மறந்துபோகும். எனவே பலகைக்கு வரும் செய்தியை எல்லாத் துளைகளிலும் அனுப்பத் தொடங்கிவிடும். ஒருவருக்கு வந்த கடிதத்தைத் தெருவில் உள்ள எல்லார் வீட்டிலும் போடுவது போன்றது இது. வலையமைப்பும் வீணாகத் திணறும்.

தீர்வு எளியது. முதல் நினைவை இரண்டாவதைவிடச் சற்றுக் குறைத்து, எடுத்துக்காட்டாக 270 வினாடிகள் என வைத்துவிடலாம். துளை மறப்பதற்கு முன்பே சுவிட்ச் மீண்டும் கேள்வி கேட்கும். பலகை தரும் விடையால் இரண்டு அட்டவணைகளும் புதுப்பிக்கப்படும். அதற்காக நினைவை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் தொல்லைதான். கேள்விகளே கூட்டத்தைப் பெருக்கிவிடும்.

பொய் சொன்னால்?

ஏ.ஆர்.பி. முறையில் ஒரு பெரிய குறை உண்டு. விடை சொல்பவர் உண்மையானவர்தானா என்று அது சோதிப்பதில்லை. கேட்காமலே வந்த விடையையும் பல கருவிகள் ஏற்றுக்கொள்ளும். தீய எண்ணம் கொண்ட ஒருவர் தம் கணிப்பொறியை ஆலையின் கம்பியில் இணைத்து, "வெளியுலகிற்குச் செல்லும் வாயில் நானே" என்று அறிவித்தால் என்ன ஆகும்? சம்பளப் பட்டியலும் நூல் விற்பனைக் கணக்கும் அவர் வழியாகப் போகத் தொடங்கும். அவர் அவற்றைப் படி எடுத்துக்கொண்டு உரிய இடத்திற்கு அனுப்பிவிட்டால் எவருக்கும் ஐயம் எழாது. செய்தி மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அவரால் படிக்க இயலாது; ஆனால் போகவிடாமல் தடுக்க இயலும்.

வாயிற்காவல்

இதற்குச் சுவிட்சையே காவலாளி ஆக்கலாம். ஆலையில் எந்தக் கருவிக்கு எந்த ஐ.பி. முகவரி வழங்கப்பட்டது, அது எந்தத் துளையில் இருக்கிறது என்று சுவிட்ச் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு ஏ.ஆர்.பி. செய்தியையும் அதனுடன் ஒப்பிடும். பொருந்தாததை அங்கேயே நிறுத்திவிடும்.

ஆனால் காவலாளிக்கும் சரியான பட்டியல் வேண்டும். அச்சுப்பொறி போன்ற சிலவற்றுக்கு முகவரியை மனிதரே நிலையாக எழுதிவைப்பது வழக்கம். அவை தானாகப் பதிவேட்டில் ஏறுவதில்லை. அவற்றை நாமே சேர்க்காமல் காவலை இயக்கினால், உண்மை சொன்ன அச்சுப்பொறியும் வெளியே நிறுத்தப்படும்! ஆகவே முதலில் கணக்கெடுப்பு, பிறகே காவல்.

நீங்களே பாருங்கள்

உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில், ஆசிரியரின் அனுமதியுடன், விண்டோஸ் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஏ, ஆர், பி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, மீண்டும் ஏ என்று தட்டச்சு செய்யுங்கள். உங்கள் கணிப்பொறி அந்த நேரத்தில் நினைவில் வைத்திருக்கும் அட்டவணை திரையில் தோன்றும். அருகிலுள்ள கணிப்பொறியுடன் தொடர்பு கொண்ட பின் மீண்டும் பாருங்கள். புதிய வரி ஒன்று சேர்ந்திருக்கிறதா? அதன் மேக் முகவரியை அந்தக் கணிப்பொறியிலேயே சென்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேட்ட விடையை உண்மைதானா என்று சோதிப்பது வலையமைப்புக்கு மட்டுமன்று, அறிவியல் பயில்வோர்க்கும் நல்ல பழக்கமல்லவா?