நீர்வேலிக்கு ஒரு பகற் பயணம்

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களுக்கு ஒரு புதுக்களை வந்துவிடுகின்றது. பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கப்படுகின்றன, கிணறுகள் இறைக்கப்படுகின்றன, முற்றங்கள் கூட்டித் துப்புரவாக்கப்படுகின்றன. கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் வாழுந் தமிழர், தம் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை ஒட்டிப் பிறந்த ஊரைக் காண வருங் காலம் அது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அக்காலத்திலேயே நிகழ்வதால், வருவோர் தொகை பின்னும் பெருகுகின்றது.

நீர்வேலி அத்தகைய ஊர்களுள் ஒன்று. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கோப்பாயைக் கடந்தவுடன் செம்மண் தோட்டங்கள் கண்ணிற் படும். வாழையே அவ்வூரின் முதற் செல்வம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், மாரி மழை சுண்ணக்கல்லின் அடியிலே சேர்த்துவைக்கும் நீரைக் கிணற்றால் எடுத்து வளர்த்த வாழை அது. ஊரை அடுத்துள்ள சிறுப்பிட்டி, பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் அவர் ஒருவர். கல்விக்காகவும் உத்தியோகத்துக்காகவுங் கடல் கடப்பது இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. ஆயினும் 1983ஆம் ஆண்டின் பின்னர், உயிரைக் காக்கும் பொருட்டு ஊரை விட்டகன்றோர் பல்லாயிரவர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று விடுமுறைக்கு வருபவர்கள்.

இவ்வருகையில் ஒரு விந்தை உண்டு. ஒரே வண்டியில், ஒரே வீதியில், இருவேறு பயணங்கள் நிகழ்கின்றன. தந்தையுந் தாயும் ஊருக்குத் திரும்புகின்றனர். பிள்ளைகளோ ஓர் அந்நிய நாட்டினூடே செல்கின்றனர். றொறன்ரோவிற் பிறந்த சிறுவனுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வெப்பக் காற்றுப் புதிது. வீதியோரத்து எழுத்துகள் புதியன. கடையிற் கேட்கும் பேச்சும் புதியது. தந்தைக்கு நினைவாயிருப்பது மகனுக்கு வெறுங் காட்சி. அக்காட்சிக்குப் பொருள் சொல்வார் வேண்டும். பொருள் சொல்வதற்கு முதலில் காட்சி கண்ணுக்குத் தெரிதல் வேண்டும்.

ஆனால், நடைமுறையில் நிகழ்வது யாது? விமானத்தினின்று இறங்கியோர் பலர், வாயிலிலே காத்திருக்கும் வானில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக வடக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். வீதி வெறிச்சோடியிருக்கும், வெயில் இராது, விடியுமுன் வீடு சேரலாம் என்பன அவர்கள் கூறுங் காரணங்கள். கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஏழெட்டு மணி நேரப் பயணம். விடியற்காலையில் வாசலில் வந்திறங்கிய பேரனை அணைத்துக்கொண்டு, "வழியிலை என்ன ராசா பாத்தனி?" என்று ஆச்சி கேட்பாள். "ஒண்டுமில்லை அம்மம்மா, எல்லாம் இருட்டு" என்பதே அவன் விடையாக இருக்கும். ஒரு நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நீளத்தைக் கடந்து வந்த பிள்ளைக்கு, அந்நாடு வெறும் இருளாகவே முடிந்துவிடுகின்றது.

இரவுப் பயணத்தில் வேறு இடர்களும் உள. புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே வீதி வில்பத்துக் காட்டை அடுத்துச் செல்கின்றது. அங்கே காட்டு யானைகள் வீதியைக் கடப்பதுண்டு. வன்னியில் மாடுகள் இரவிலே தார் வீதியின் சூட்டை நாடி வந்து படுத்திருக்கும். எல்லாவற்றினும் பெரிய இடர் சாரதியின் உறக்கம். பகல் முழுவதும் வண்டியோட்டி வடக்கிலிருந்து வந்து, விமான நிலையத்திற் காத்திருந்து, ஓய்வின்றி அன்றிரவே திரும்புஞ் சாரதிக்கு விடியற்சாமத்தில் கண் இமை தாழ்வது இயற்கை. அது அவன் குற்றமன்று. அவனை அவ்வாறு ஓட்டச் சொல்வோரின் அவசரமே குற்றம்.

இறங்கிய அன்றே பகலிற் புறப்பட்டாற் போதுமோவெனின், அதுவும் போதாது. கோடை காலத்திற் றொறன்ரோவின் நேரம் இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை மணி பிந்தியது. இலங்கையிற் காலை பத்து மணியாகும்போது, அங்கிருந்து வந்த சிறுவனின் உடலுக்கு நள்ளிரவு கடந்து அரை மணி. இலண்டனிலிருந்து வருவோர்க்கு வேறுபாடு நாலரை மணி. நோர்வேயிலிருந்து வருவோர்க்கு மூன்றரை மணி. உடலினுள்ளே இயங்கும் அக்கடிகாரம் புதிய வெயிலுக்கும் இருளுக்கும் பழகச் சில நாட்கள் வேண்டும். ஆதலின், நீர்கொழும்பிலோ பிறிதோரிடத்திலோ ஓர் இரவேனுந் தங்கி, மறுநாட் புறப்பட்டு, அநுராதபுரத்தில் இரண்டாம் இரவைக் கழித்து, மூன்றாம் நாள் ஊர் சேர்வது நன்று. தங்கும் செலவு ஒன்று கூடுமென்பது உண்மையே. அச்செலவுக்கு வழியற்றோரும் உளர். முதியவர் நோய்ப்படுக்கையிற் கிடக்க ஓடிவருவோரும் உளர். அன்னோர் போகும்போது இரவிற் போயினும், திரும்பும்போதாவது பகலிலே திரும்பலாம்.

பகலிற் செல்வோர் காண்பன எவை? நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரை வீதி மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும். தென்னந்தோப்புகளும் கத்தோலிக்கத் தேவாலயங்களும் மாறி மாறித் தோன்றும். சிலாபத்தை அடுத்து முன்னேசுவரம் என்னும் பழம்பெருஞ் சிவத்தலம்; அதற்கு வடக்கே கடலோரத்தில் ஆடி மாதத்துத் தீமிதிப்புக்குப் பேர்போன திரௌபதை அம்மன் கோயிலையுடைய உடப்பு என்னுந் தமிழூர். தமிழர் வடக்கிலுங் கிழக்கிலும் மாத்திரமே வாழ்பவர் என்று எண்ணியிருந்த பிள்ளை, தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இவ்விடமே பொருத்தமானது.

புத்தளத்தில் உப்பளங்களைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவ்வாறு வந்தோருட் பலர் புத்தளப் பகுதியிலேயே குடிசையிட்டு வாழத் தொடங்கினர். தாமும் ஊரிழந்தோம் என்று பிள்ளைக்குக் கூறும் பெற்றோர், தம் அயலவர் ஊரிழந்த கதையையுங் கூறுதல் கடன். ஒரு பாதியை மறைத்துச் சொல்லும் வரலாறு பிள்ளையை ஏமாற்றுவதாகும்.

புத்தளத்தில் வண்டி கிழக்கே திரும்பியதும், நாடு மாறுகின்றது. இது வறண்ட வலயம். வடகீழ்ப் பருவக்காற்றின் மாரியை நம்பி வாழும் நிலம்; எனவே மழைநீரைத் தேக்கிவைக்குங் குளங்களே ஊர்களின் உயிர். இங்கே ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்தல் நல்லதொரு விளையாட்டு. வீதிப் பலகைகளிற் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளும் இருக்கும். கருவலகஸ்வெவ என்பது போல 'வெவ' என முடியும் பெயர்கள் வரும். சிங்களத்தில் வெவ என்றாற் குளம். வவுனியாவைக் கடந்தபின் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என வரும். மொழி மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை. குளத்தைக் கட்டி, அதன் அருகே குடியேறி, அதன் பெயரையே ஊருக்கு இட்ட வாழ்வு இரு சாராருக்கும் ஒன்றே. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்ற பிள்ளை இதனைத் தானே கண்டுபிடிக்குமாயின், அது புத்தகத்திற் படித்ததினும் ஆழமாக மனத்திற் பதியும்.

அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராயிருந்த மாநகர். 1982இல் அது உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் நடப்பட்டதாகப் போற்றப்படும் வெள்ளரசு அங்கே இன்றும் தளிர்க்கின்றது. எல்லாளன் என்னுந் தமிழ் மன்னன் அங்கிருந்து 44 ஆண்டுகள் ஆண்டான் என மகாவம்சம் கூறும். அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, எல்லாளன் வீழ்ந்த இடத்திற் சமாதி எழுப்பி, அவ்விடத்தைக் கடப்போர் வாத்திய முழக்கத்தை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டுமெனப் பணித்தான் என்பதையும் அந்நூலே கூறுகின்றது. வென்றவன் தோற்றவனுக்குச் செய்த மரியாதையைச் சிங்களப் பிள்ளையும் அறிதல் வேண்டும். தமிழ்ப் பிள்ளையும் அறிதல் வேண்டும்.

அநுராதபுரத்துக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9 வீதியில் வண்டி சேர்கின்றது. இவ்வீதி போர்க் காலத்தில் நெடுநாள் மூடப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னர் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இற் போர் முடிந்த பின்னரே படிப்படியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைக்காலத்து மக்கள் பட்ட பாடு பெரிது. தொண்ணூறுகளின் தொடக்கத்திற் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தோர் பலர்; கடக்கையில் உயிரிழந்தோரும் உளர். இன்று வண்டியின் முன்னிருக்கையில் மௌனமாயிருக்குந் தந்தை அப்படகில் ஏறியவராகவும் இருக்கலாம்.

வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரும். அங்கே வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு செல்வது பயணிகளின் வழக்கம். அப்பால் கிளிநொச்சி. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் சிறுபோகத்தில் அங்கே பச்சை விரித்திருக்கும். நீர் பாயாத இடங்களோ சோளகக் காற்றில் புழுதி பறக்கக் கிடக்கும். நீரின் அருமையை விளக்க வேறு பாடம் வேண்டா.

அதன்பின் ஆனையிறவு. குடாநாட்டையும் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய தரை அது. முற்காலத்தில் வன்னிக் காட்டு யானைகளை ஆழமற்ற நீரினூடே ஓட்டிச் சென்று யாழ்ப்பாணத்தில் விற்றமையால் அப்பெயர் வந்தது. ஒல்லாந்தர் அங்கே கோட்டை வைத்திருந்தனர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் அத்தரைக்காக நிகழ்ந்த சமர்களில் இரு பக்கத்து இளைஞரும் பெருந்தொகையாக மடிந்தனர். வண்டியை நிறுத்திக் கடனீரேரியை நோக்கிச் சிறிது நேரம் நிற்றல் தகும். அவ்விளைஞருட் பலர் விடுமுறைக்கு வந்த இப்பிள்ளைகளின் வயதினரே.

முன்னொரு காலத்தில் இப்பகற் காட்சி எளிதாகக் கிடைத்தது. 1956 ஏப்பிரலில் ஓடத்தொடங்கிய யாழ்தேவி பகல் வண்டி. கொழும்பில் உத்தியோகம் பார்த்தோரின் பிள்ளைகள், அதன் சாளரத்தருகே அமர்ந்தே தெற்கையும் வடக்கையும் ஒரே நாளிற் கண்டு அறிந்தனர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது. 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அச்சாளரம் வாய்க்கவில்லை. அக்குறையை இன்று வீதியே தீர்த்தல் வேண்டும்.

கைதடியில் வலப்புறமாகத் திரும்பினாற் கோப்பாய். கோப்பாய்க்கு அப்பால் நீர்வேலி. 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி இரவில், வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுவதும் மழையில் நனைந்தபடி, முதியவரைச் சைக்கிளில் இருத்தியும் குழந்தைகளைத் தோளிற் சுமந்தும், தென்மராட்சியை நோக்கி வெளியேறினர். நாவற்குழி வழியும் இவ்வழியும் அன்று மனிதரால் நிறைந்திருந்தன. அவ்விரவில் இவ்வூரை விட்டு நடந்தவரின் பேரப்பிள்ளை, பகல் வெளிச்சத்தில் அதே வழியால் ஊருக்குள் வருகின்றது. அவ்விடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்லப் பெற்றோருக்கு மனத்தைரியம் வேண்டும். சொல்லிவிட்டால், அப்பிள்ளைக்கு அந்த வீதி அந்நிய வீதியன்று.

பின்னர் வாழைத் தோட்டமும், கிணற்றடியும், வாசலில் நிற்கும் ஆச்சியும் தோன்றும்போது, அவள் கேட்குங் கேள்விக்கு விடை சொல்லப் பேரனுக்கு ஒரு மாலைப் பொழுது போதாது.