ஐந்து படமும் ஓர் அளவுகோலும்

படம் பார்ப்பதையும் பாடம் படிப்பதையும் இருவேறு துறைகளாக எண்ணி வளர்ந்தவன் நான். தொல்காப்பியமும் நன்னூலும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட என்னிடம் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் வந்தனர். பழையனவும் புதியனவுமாக ஐந்து திரைப்படங்களைப் பார்த்துத் தாம் எழுதப்போகும் கட்டுரைகளுக்குப் புள்ளியிட வேண்டும் என்று கேட்டனர். மறுக்கவே எண்ணினேன். “செய்யுளுக்கு நீங்கள் சொல்லித் தரும் அளவுகோல் படத்துக்குப் பொருந்தாதோ, ஐயா?” என்று மாணவி ஒருத்தி வினவினாள். அவ்வினா என் புலமைச் செருக்கைத் தொட்டது, உடன்பட்டேன்.

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, சனிக்கிழமை மாலைதோறும் ஒரு படமாக ஐந்து வாரம் பார்த்தோம். என் தமக்கையார் பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிடுவார்.

முதற் படம் 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘பராசக்தி’. கிருஷ்ணன், பஞ்சு இருவரும் இயக்கியது, மு. கருணாநிதி உரையாடல் எழுதியது. சிவாஜி கணேசனுக்கு முதற் படம். எனக்கோ அது வெறும் படமன்று. என் இளமையில் கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் படங்களின் கதைவசன இசைத்தட்டுகளை ஒலிபெருக்கியிற் போடுவார்கள். வேப்பமரத்தடியில் நின்று அந்த நீதிமன்றப் பேச்சைக் கேட்டுக் கேட்டே மனனம் செய்தேன். பின்னாளில் நான் மேடையேறிப் பேசிய தமிழுக்கு அதுவும் ஓர் ஊற்று. ஆகவே, நல்ல தமிழ் பேசும் படமே நல்ல படம் என்பது நான் வெளியே சொல்லாத முடிபாக இருந்தது.

குணசேகரன் கூண்டில் நின்று முழங்கியபோது மாணவர் சிரித்தனர். எனக்குச் சினம் பொங்கியது. என்னை வினவிய அதே மாணவி, “இது நீதிமன்றமன்று, பிரசங்க மேடை, அங்கே பேசுபவன் குணசேகரனல்லன், ஆசிரியரே” என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் 40 என்று இட்டேன். அந்த எண்ணை இட்டது என் அறிவா, சினமா என்று அப்போது நான் ஆராயவில்லை.

இரண்டாம் வாரம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. விபூதிபூஷண் வந்த்யோபாத்தியாயரின் வங்க நாவலைத் தழுவி 1955இல் வெளிவந்தது. வங்கமொழி எனக்குத் தெரியாது. என் அளவுகோல் கையிலிருந்து நழுவிற்று. அயல்வீட்டாரின் மாலையைத் திருடியதாகத் துர்க்கை என்னும் சிறுமிமேற் பழி விழுகின்றது. அவள் மறுக்கிறாள்; தாயோ அடிக்கிறாள். பின்னர் மழையில் நனைந்த அப்பெண் காய்ச்சலில் இறந்துபோகிறாள். ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், பழம்பொருள்களிடையே கிடந்த சிரட்டையிலிருந்து தம்பி அப்புவின் கையில் அந்த மாலை அகப்படுகின்றது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, அழவுமில்லை, ஓடிச்சென்று குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல மெல்லக் கூடி நீரை மூடிக்கொள்கின்றது. அவ்வளவே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக உள்ளுறையும் இறைச்சியும் கற்பித்து வருகிறேன். புள்ளும் மரமும் நீருமாகிய கருப்பொருளைக் காட்டி, மாந்தர் நெஞ்சிற் கிடப்பதைக் கூறாமற் கூறுவதே நம் அகப்பாட்டின் நெறி என்று எத்தனை மாணவர்க்குச் சொல்லியிருப்பேன்! அக்குளத்துப் பாசி கருப்பொருளன்றி வேறென்ன? தமக்கையின் குற்றத்தைத் தம்பி மூடினான். அவன் மூடியதை நீர் மூடியது. என் கைப்பொருளாகிய இலக்கணத்தைப் படத்தின்முன் நான் எடுத்து நோக்கவேயில்லை. பேச்சுத் தமிழின் அழகை மட்டும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ‘பொன்மணி’. சிங்களவராகிய தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண மண்ணில் எடுத்து 1977இல் வெளியான தமிழ்ப் படம். எழுதியவர் காவலூர் இராசதுரை. சாதியும் சீதனமும் ஒரு வீட்டுப் பெண்களின் வாழ்வை நெரிப்பதே கதை. மாணவர் சிலர் படம் மெல்லச் செல்கிறதென்று முணுமுணுத்தனர். அன்று தமக்கையார் அடுக்களைக்குத் திரும்பவில்லை. தேநீர்த் தட்டை மடியில் வைத்தபடி கதவடியில் இருந்து முடியும்வரை பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவருக்கென இருந்த சீதனக் காணியை ஈடுவைத்தே என்னைப் பண்டிதர் வகுப்புக்கு அனுப்பினார்கள். காணி மீளவில்லை, வந்த சம்பந்தங்களும் ஒவ்வொன்றாய்க் குலைந்தன. இதனை நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. படம் முடிந்ததும் அவர் எழுந்து, “எங்கட சனம் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் காட்டிப்போட்டாங்கள், தம்பி” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் தமிழ் இருக்கவில்லை.

நான்காவது, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’. 2015இல் கான் விழாவின் தலையாய விருதாகிய தங்கப் பனையைப் பெற்றது. நம் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரமேற்றது. உறவற்ற மூவர் இறந்தோரின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாய் நடித்துப் பிரான்சுக்குச் செல்கின்றனர். பொய்க் குடும்பம் மெய்க் குடும்பமாக முயலும் பகுதிகள் உள்ளத்தை உருக்குவன. இறுதியிலே துப்பாக்கிச் சண்டை மேலெழும்போது, அம்மூவரின் கதை வேறொரு படத்துட் புகுந்துவிடுகிறது என்பது என் துணிபு. விருது பெற்றதென்பதற்காக அதனை மறைக்க வேண்டியதில்லை.

இறுதியாக, மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, 2018இல் வந்தது. திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியிற் சேர்ந்த பரியன் சாதியின் பெயரால் அடியும் அவமதிப்பும் படுகிறான். ஆயினும், தன்னைக் கொல்ல முயன்றவர்கள் முன்னும் முடிவில் சில சொற்களே பேசுகிறான். முடிவில் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு மல்லிகைப் பூ. சமன்மை இன்னும் வந்துவிடவில்லை, பேச்சு மட்டுமே தொடங்கியிருக்கிறது என்பதை அக்காட்சி உணர்த்துகின்றது. பாசி மூடிய குளத்தை நான் மீண்டும் நினைத்தேன்.

மாணவரோ வேறொன்றை நினைத்தனர். “கூண்டில் நின்று உலகத்தையே குற்றஞ்சாட்டிய குணசேகரனும், சட்டம் படிக்க வந்து சில சொற்களோடு நிறுத்திய இவனும் கேட்பது ஒரே நீதிதானே?” என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். முதல் வாரம் உரக்கச் சிரித்தவன் அவனே. அப்போதுதான் ‘பராசக்தி’ நாடகமேடையிலிருந்து திரைக்கு வந்த கதை என்பதையும், எழுத்தறியாதார் பலராக இருந்த அவையில் செவி வழியே கருத்தை ஏற்ற வேண்டியிருந்ததையும் எடுத்துரைத்தேன். அன்று முழக்கம் ஒரு தேவை. இன்று அதே முழக்கத்தை ஒருவன் படியெடுத்தால் அது வெறும் ஆரவாரம்.

இவ்வைந்தாலும் நான் கண்டது இது. பழமையால் ஒரு படம் சிறப்பதுமில்லை, புதுமையால் உயர்வதுமில்லை. பேச்சின் மிகுதியும் மௌனத்தின் மிகுதியும் தம்மளவிற் குணமுமல்ல, குற்றமுமல்ல. இன்ன நிலத்தில், இன்ன காலத்தில், இன்ன மாந்தர் வாயில் இச்சொல் பிறக்குமா, இம்மௌனம் நிலவுமா என்று கேட்பதே முறை. முதல், கரு, உரி என்று நம் முன்னோர் வகுத்ததும் இதனையே அன்றோ?

ஐந்தாம் சனிக்கிழமை கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மாணவியின் தாளில் 40ஐ எல்லார் முன்னிலையிலும் வெட்டி 65 இட்டு, முதலில் இட்டது என் சினம் என்பதையும் கூறினேன். கீழே ஒரு வினாவும் எழுதினேன்: “அது மேடைதான், 1952இல் அந்த மேடை யாருக்கு வேண்டியிருந்தது?” அதற்கு அவள் எழுதும் விடைக்கு மீதி 35 புள்ளியும் காத்திருக்கின்றது.

தமக்கையாருக்குச் சொல்லவேண்டிய விடையை நான் இன்னும் எழுதவில்லை. முன்வரிசையில் அவருக்கென ஒரு கதிரை போட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமைப் படத்தை அவரே தெரிவு செய்யப்போகிறார்.