பனித்தரையில் பழகும் பிள்ளைகள்

புல்தரை ஹாக்கியைப் பார்த்திருப்பீர்கள். கனடாவில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள்கூடப் பனிக்கட்டித் தளத்தில், காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு ஹாக்கி ஆடுகிறார்கள். பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்னும் ரப்பர் வில்லை. அதன் விட்டம் 7.6 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ.

முதற் பயிற்சி நிற்பதற்குத்தான்! பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மிக மெல்லிய படலம் இருப்பதால் தகடு நீளவாக்கில் எளிதாக வழுக்குகிறது. தகட்டின் அடிப்பாகத்தை நடுவில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். ஆகவே உட்புறமும் வெளிப்புறமுமாக இரண்டு கூரிய விளிம்புகள். உடலைச் சாய்த்தால் ஒரு விளிம்பு பனியைக் கடித்துப் பிடிக்கும். திரும்புவதும் நிற்பதும் அந்தப் பிடியால்தான். பிள்ளைகளை ஒற்றைக் காலில் வளைந்து வளைந்து போகச் சொல்வது இதற்காகவே.

1961-ல் பிறந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர் வேய்ன் கிரெட்ஸ்கி, பிராண்ட்ஃபோர்டு நகரில் தந்தை வால்ட்டர் வீட்டுக் கொல்லையில் உறையவைத்த தளத்தில், தகர டப்பாக்களுக்கு இடையே நெளிந்து சென்று பழகியவர்.

ஒரே அசைவை நூறு முறை செய்வது நல்லதா, பலவற்றைக் கலந்து செய்வது நல்லதா? 1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர் மூன்று வகைக் கையசைவுகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். ஒவ்வொன்றாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது முந்தினர். பத்து நாள் கழித்துப் பார்த்தால், கலந்து பழகியவர்களே மேல்! அன்றன்று தடுமாறுபவர் கற்கவில்லை என்று பயிற்சியாளர் நினைத்தால் ஏமாந்துபோவார். ஆனால் நிற்கவே தெரியாத குழந்தைக்கு முதலில் ஒன்றையே திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல், இடம். முழுத் தளம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். அதில் வேகமான ஒரு சிறுவன் பக்கைக் கொண்டுபோய்விடுவான். மற்றவர்கள் பின்னால் ஓடுவதோடு சரி. எனவே மிகச் சிறிய பிள்ளைகளுக்குத் தளத்தின் குறுக்கே சிறு பகுதியில்தான் ஆட்டம் என்று 2017-ல் ஹாக்கி கனடா விதித்தது. “இது உண்மையான ஹாக்கியா?” என்று சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆனால் சிறிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் பக் அடிக்கடி கிடைக்கிறது. திரும்பவும் நிற்கவும் கொடுக்கவும் ஓயாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நீங்களும் சோதிக்கலாம். ஒரு வாளியில் காகிதப் பந்தை மூன்று தூரங்களிலிருந்து எறியுங்கள். வகுப்பில் பாதிப்பேர் ஒவ்வொரு தூரத்திலும் தொடர்ந்து பத்து முறையும், மறுபாதியினர் தூரத்தை மாற்றி மாற்றி முப்பது முறையும் எறியட்டும். மறுநாள் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைத்து, விழுந்த பந்துகளை எண்ணுங்கள்.