எல்லைக்கு இந்தப் பக்கம் புகை இல்லை

திண்டிவனம் சாலையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் கோரிமேடு. அங்கே பெட்ரோல் போட நிற்கும் வண்டிகளில் தமிழகப் பதிவெண் கொண்டவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். காரணம் வரி. புதுச்சேரியில் விலை குறைவு என்பதால், எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கேரளத்தை ஒட்டிய, புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயிலும் இதே கதைதான். விற்ற பெட்ரோலை மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால், புதுச்சேரிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை என்று தோன்றும். ஒரு சின்ன ஊரின் எரிசக்திக் கணக்கைப் படிக்கும்போது முதலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

பெட்ரோல் இப்படி எல்லை தாண்டி வெளியே போகிறது. மின்சாரம் எல்லை தாண்டி உள்ளே வருகிறது. அதற்கு வரிசை கிடையாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஓராண்டில் செலவழிக்கும் மின்சாரம் ஏறக்குறைய 300 கோடி யூனிட். சொந்தமாக உற்பத்தி செய்ய அதனிடம் இருக்கும் முக்கிய நிலையம் ஒன்றே ஒன்று: காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில், 2000-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம். காவிரிப் படுகையில் கிடைக்கும் இயற்கை எரிவாயுதான் அதற்குத் தீனி. வாயுவை எரித்து ஒரு டர்பைனைச் சுழற்றி 22.9 மெகாவாட் எடுக்கிறார்கள். வெளியேறும் சூடான புகையை வீணாக்காமல் அதில் நீராவி உண்டாக்கி, இன்னொரு டர்பைனில் 9.6 மெகாவாட் எடுக்கிறார்கள். கச்சிதமான ஏற்பாடு. ஆனால் ஆண்டு முழுக்க நன்றாக ஓடினாலும் அதில் கிடைப்பது 24 கோடி யூனிட் அளவுதான். தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி? ஒடிசாவின் தால்சேர், தெலங்கானாவின் ராமகுண்டம், கல்பாக்கம், கைகா, கூடங்குளம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நெய்வேலி என்று மத்திய நிலையங்கள் பலவற்றில் புதுச்சேரிக்குப் பங்கு உண்டு. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 என்று ஒதுக்கினார்கள். மாஹே கேரளத்தின் கம்பிகளிலிருந்தும், புதுச்சேரியின் இன்னொரு பகுதியான ஏனாம் ஆந்திரத்தின் கம்பிகளிலிருந்தும் மின்சாரம் பெறுகின்றன.

பங்கு என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும் ஒன்று. கூடங்குளத்து மின்சாரம் பெயர் எழுதிக்கொண்டு புதுச்சேரியின் வில்லியனூர் துணைமின் நிலையத்தைத் தேடி வருவதில்லை. பல வாய்க்கால்கள் வந்து கலக்கும் ஏரியில், மதகில் வெளியேறும் தண்ணீர் எந்த வாய்க்காலுடையது என்று சொல்ல முடியாது அல்லவா, மின்கட்டமைப்பும் அப்படித்தான். எல்லா நிலையங்களும் நொடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே தாளத்தில் ஊற்றுகின்றன, எல்லா ஊர்களும் எடுக்கின்றன. யார் எவ்வளவு ஊற்றினார்கள், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை மீட்டர்கள் கால்மணிக்கு ஒருமுறை குறித்துவைக்கின்றன. ஒதுக்கியதைவிட அதிகம் எடுத்தால் பணம் கட்ட வேண்டும்.

இந்த ஏரி ஒருகாலத்தில் இரண்டாக இருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியா இருளில் மூழ்கி 60 கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது தென்னகம் தப்பியது. தெற்கு மின்கட்டமைப்பு அப்போது தனித் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். (அந்த ஆண்டு தமிழகத்தில் கரண்ட் எந்நேரமும் இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. மறந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கலாம்.) 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் தடம் வழியாகத் தெற்கு மற்றவற்றோடு இணைந்தது. அன்றிலிருந்து கோரிமேட்டு மின்விசிறியும் டெல்லி மின்விசிறியும் ஒரே கட்டமைப்பில்தான் சுற்றுகின்றன.

ஆனாலும் கம்பிகளில் மின்சாரம் அருகில் இருக்கும் மூலத்திலிருந்தே பெருமளவு வருகிறது. புதுச்சேரிக்கு அருகில் இருப்பது நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டதில் தொடங்கியது அதன் வரலாறு. 1956-இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது. 2020 வரை ஓடியது.

நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரி மட்டமான எரிபொருள் என்பதை மறைப்பதில் பயனில்லை. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். எரிக்கும்போது வெப்பத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. தண்ணீரைச் சுமந்து தொலைதூரம் ரயிலில் அனுப்புவது கட்டுப்படியாகாது என்பதால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையம் கட்டினார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி வேண்டும். கோடையில் ஒன்றரை டன் ஏ.சி. இரவு முழுக்க ஓடினால் எட்டு, பத்து யூனிட் ஆகும். அதாவது தூங்கி எழுவதற்குள் எட்டு, பத்து கிலோ கரி.

அந்தக் கரியை எடுப்பதும் லேசான வேலையில்லை. மேலே தடிமனான மண்ணும் மணற்கல்லும். கீழே அழுத்தத்தோடு பொங்கி நிற்கும் நிலத்தடி நீர். நீரை இரவுபகலாக இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். சுரங்கம் நகர நகர வயல்களும் ஊர்களும் நகர வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், விளைந்து நின்ற நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டிய காட்சி தமிழகத்தையே பதறவைத்தது. புதுச்சேரியின் காற்று சுத்தமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள், அதன் புகைபோக்கிகள் கடலூர் மாவட்டத்திலும் ஒடிசாவிலும் இருப்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

தலைக்கு இத்தனை யூனிட் என்ற புள்ளிவிவரத்திலும் புதுச்சேரி நாட்டின் சராசரியைவிட மேலே நிற்கிறது. பெட்ரோல் விஷயத்தில் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் ஆகும் மின்சாரமும், பக்கத்து மாவட்டங்களின் நோயாளிகள் வந்து குவியும் ஜிப்மர் மருத்துவமனையில் ஆகும் மின்சாரமும் புதுச்சேரிக்காரர் தலையில்தான் எழுதப்படுகின்றன.

சரி, கரியை விட்டுவிட்டுச் சூரியனிடம் போகலாமா? இந்தியாவின் மொத்த நிறுவுதிறனில் பாதி, 2025 ஜூனில் நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத மூலங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் உற்பத்தியாகும் யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம் ஆண்டுக்கு 65 லட்சம் யூனிட் தருமென்றால், ஒரு மெகாவாட் சோலார் 15 லட்சம் தரும். அந்தக் கணக்கில் புதுச்சேரியின் 300 கோடி யூனிட்டுக்கு 2,000 மெகாவாட் சோலார் வேண்டும். மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் என்றால் 8,000 ஏக்கர், அதாவது 32 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி வட்டாரத்தின் பரப்பே 290 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். மாடிகளையெல்லாம் மூடினாலும் இடம் போதாது. மூடக்கூடாது என்பதற்கு அது காரணமும் ஆகாது.

நிலம் கிடைத்தாலும் மாலை ஆறு மணிச் சிக்கல் பாக்கியிருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் எடுக்க, பாட்டரியைத் தவிர நம்பகமான வழி நீரேற்று நிலையம். மிச்ச மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மலைமேல் ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுழற்றுவது. கோவை மாவட்டம் ஆனைமலையில், 1980-களின் கடைசியில் வந்த 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இதைத்தான் செய்கிறது. அதற்கு மலை வேண்டும். புதுச்சேரியில் மலை இல்லை. அதையும் பக்கத்து மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும்.